படத்தில் ஓர் ஓட்டை

இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்த நிமிஷத்தில்தான் சாயக்காரருக்குச் சனி பிடித்தது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் அவருக்கு வேலை. பிரசவம் முடிந்து வரும் நஞ்சுக்கொடியைத் தட்டில் பரப்பி, தொப்புள்கொடி வழியாக வெள்ளைச் சாயத்தை ஏற்றி, ஸ்கேன் பெட்டிக்குள் தள்ளுவார். இரத்தக் குழாய்களெல்லாம் இலையுதிர்ந்த மரம் மாதிரி திரையில் கிளை விரிக்கும். அந்த மரத்தை வைத்துப் பெரிய டாக்டரம்மா ஆராய்ச்சி செய்வார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் சாயக்காரர்தான்; பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அன்றைக்குத் தட்டில் இருந்தது, குழந்தை இறந்தே பிறந்த ஒரு பெண்ணுடையது. காரணம் தெரிய வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். கேட்காமல் என்ன செய்வாள்? மாடி வராந்தாவில் மாமியார் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காரணத்தை ஏற்கெனவே அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் மாசத்துல ஸ்கூட்டர் ஓட்டினா புள்ள எப்படித் தங்கும்? நான் சொன்னா யாரு கேக்குறா?"

நடுவில் போன் அடித்தது. அந்தம்மா சட்டென்று எழுந்து நின்றாள். "ஆமாங்கத்தை... இல்லீங்கத்தை... வந்துடறேங்கத்தை." பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நஞ்சுக்கொடி இருந்த வாளியை மாடியில் வாங்கிக்கொண்டு இறங்கிய சாயக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

சாயம் ஒரு பக்கம் ஏறவில்லை. உள்ளே காற்றுக் குமிழ். அதைப் பக்குவமாக வெளியே எடுக்க அவருக்குத் தெரியும். ஆனால் நேரம் பிடிக்கும். வயிறோ அப்போதே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது. அழுத்தினார். குழாய் வெடித்தது. மேஜை, மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாம் வெள்ளை. ஒழுகின கிளையை நூலால் இறுக்கிக் கட்டினார். ஒழுகல் நின்றது. கட்டுக்கு அப்பால் சாயம் போவதும் நின்றது.

படத்தில் மரத்தின் ஒரு பக்கம் இடி விழுந்ததுபோல் மொட்டை. பெரிய கருப்பு ஓட்டை.

"கெடச்சிருச்சு!" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பக்கம் குழாயே வளரல, பாருங்க. ரத்தம் போகல. குழந்தை போயிடுச்சு."

"மேடம், அது வந்து..."

"இவ்வளவு தெளிவா நீங்க படம் எடுத்ததே இல்ல. சபாஷ்!"

சர்வீஸில் கேட்ட முதல் சபாஷ். நாக்கு நுனி வரைக்கும் வந்த உண்மை, திரும்பிப் போய்த் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

மாடியில் அந்தப் பெண் படத்தையே பார்த்தாள்.

"அப்ப... ஸ்கூட்டரால இல்லியா டாக்டர்?"

"நீ படுக்கையை விட்டு எந்திரிக்காம இருந்திருந்தாலும் இதான்மா நடந்திருக்கும்."

அவள் படத்தை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியாரின் வாய் மூடிக்கொண்டது. பரவாயில்லை, வெடித்தது நல்லதுக்குத்தான் வெடித்திருக்கிறது என்று சாயக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

தேற்றின மனசு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

"அந்த ஓட்டை இருக்கிற இடத்தை நறுக்கி மைக்ராஸ்கோப்புல பாத்துடலாம், கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

நறுக்கினால் நூல் சிரிக்கும். நூலை அவிழ்த்தால் தழும்பு சிரிக்கும். சாயக்காரர் மொத்தத்தையும் எரிக்கப் போகிற பையில் போட்டார். அது போய்ச் சேர்ந்தபின், "தவறிப் போச்சு மேடம்" என்று தலையைச் சொறிந்தார்.

டாக்டரம்மா கத்தித் தீர்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நறுக்கிப் பார்த்திருந்தா எவ்வளவு மோசம்னு தெரிஞ்சிருக்கும். இப்ப நான் பயந்துதான் முடிவு பண்ணணும். அந்தப் பொண்ணு இனிமே கர்ப்பமாகவே கூடாது. நாளைக்குச் சொல்லிடறேன்."

சாயக்காரருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் மாடிக்கு ஓடினார். பெண்ணை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். வராந்தாவில் மாமியார் மட்டும், மடியில் அந்தப் படத்தோடு.

"அம்மா, அந்த ஓட்டை உங்க மருமகளோடது இல்ல. நான் பண்ணினது." குமிழ், நூல், நெருப்பு எல்லாவற்றையும் கொட்டினார். "நான் கட்டின இடத்துல ஒரு குறையும் பாக்கல. குழந்தை எதனால போச்சுன்னு எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது. நான்தான் எரிச்சுட்டேனே."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். அறை வரவில்லை.

"அப்ப இவ இன்னொண்ணு பெத்துக்கலாமா?"

"இந்தப் படத்தை வச்சு வேணாம்னு சொல்லக் கூடாதும்மா. டாக்டரம்மாகிட்ட இப்பவே ஒத்துக்கறேன். வேலை போனாப் போகட்டும்."

"அவங்ககிட்ட ஒத்துக்குங்க. இவ காதுல போட வேணாம்னும் சொல்லிடுங்க. தெரிஞ்சா மறுபடியும் ஸ்கூட்டரையே நெனச்சு நெனச்சுச் சாவா."

அந்தம்மா வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இதே மாதிரி ஓட்டையோட எனக்கும் ஒரு படம் போட்டுத் தருவீங்களா? என் தலைச்சன் வயித்துலயே போச்சு. நான் மாடிப்படி ஏறினதாலதான்னு தொண்ணூறு வயசு மாமியா வீட்ல இன்னைக்கும் சொல்லிக்கிட்டிருக்கு."