பைலியின் வயது எழுதிய தேயிலைப் பை

ஈராற்றுப்பேட்டை அருகே,
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் ரின்சிக்கு அப்பச்சன் ஔசேப்பு எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நானும் உன் அம்மாவும் ஆடும் நலம். வியன்னாவில் நீயும் உன் பேராசிரியரும் பனியில் வழுக்கி விழாமல் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று சிரித்தே கெடுத்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. உன் தேயிலைப் பைகள் அத்தனையும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கின்றன. எத்தனையோ நாடுகளில் உன் கூட்டாளிகள் இதே மாதிரிப் பைகளைப் புதைத்து, மூன்று மாதம் கழித்து எடுத்து, எவ்வளவு மக்கியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள், நம் ஜில்லாவுக்கு நம் ரப்பர்த் தோட்டம் ஒன்றுதான் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் மாதா கோயிலுக்குக் குர்பானா பூசை காணப் போகிறேன். "தோண்டக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது, உரம் போடக் கூடாது அப்பச்சா, கெட்டுப்போச்சுன்னா என் ஆராய்ச்சியே போச்சு" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் வேலியோரம் புதைக்கச் சொன்னாயே, அங்கேதான் வந்தது வினை.

பக்கத்து வீட்டுப் பைலியோடு நமக்குப் பேச்சு நின்றது உனக்குத் தெரியும். அவன் பலா மரத்து இலை நம் முற்றத்தில் விழும், நான் கூட்டி அவன் பக்கம் கொட்டுவேன், அவன் அள்ளி நம் பக்கம் கொட்டுவான், இப்படியே நீ பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, விமானமும் ஏறிவிட்டாய். போன மாதம் அவன் பலாப்பழம் ஒன்று வேலி தாண்டி விழுந்தது. எடுக்க வந்தவன் கண்ணில், மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூலும் அதில் தொங்கிய அட்டையும் பட்டுவிட்டன. அட்டையில் நீ போட்ட எண் 58. பைலிக்கு வயது 58. அந்த வாரம் பார்த்து அவனுக்கு இடுப்பு வேறு பிடித்திருந்தது.

"எடா ஔசேப்பே! எனக்குச் செய்வினை வெச்சுட்டியேடா பாவி! வயசக்கூட எழுதி வெச்சிருக்கானே!"

"அது டீத்தூள்டா பைலி. என் மோள் அனுப்பினது. மக்குதான்னு பாக்கறதுக்கு."

"யாரடா மக்குங்கற? டீயக் குடிப்பாங்க. எவனாவது புதைப்பானா?"

"வெள்ளைக்காரன் புதைக்கச் சொன்னான்."

"வெள்ளைக்காரனுக்கும் எனக்கும் என்னடா பகை?"

தினமும் குர்பானா காண்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? மண்வெட்டியை ஓங்கிவிட்டான். ஒரே வெட்டில் உன் படிப்பே போயிருக்கும். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறவனிடம் வேறென்ன செய்ய? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"தொடாத பைலி! ஆமா, செய்வினைதான், வெச்சது நான்தான். இப்ப தோண்டினா தோண்டினவன் தலையிலதான் விடியும். ஈஸ்டர் வரைக்கும் மண்ணுல கிடந்தா தானா மக்கிப்போயிடும், உன் இடுப்பும் நேராயிடும்."

மண்வெட்டி அந்தரத்திலேயே நின்றது. "ஈஸ்டர் வரைக்குமா?"

"அதுவரைக்கும் கோழிகூடக் கீறக் கூடாது."

அன்றிலிருந்து உன் பைகளுக்குப் பைலிதான் காவல். முள் வெட்டிப்போட்டு, நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்து, நம் ஆட்டை நம் தோட்டத்திலிருந்தே விரட்டுகிறான். என்னையே "அந்தப் பக்கம் கால் வைக்காத, நீ வெச்சது போதும்" என்று அதட்டுகிறான். வைத்தியர் கொடுத்த எண்ணெயில் இடுப்பு சரியாகிவிட்டது, அவனோ பைகள் மக்க ஆரம்பித்ததால்தான் என்கிறான். காவலிருப்பவனுக்குப் பசிக்குமே என்று உன் அம்மா கப்பைக் கிழங்கும் மீன்கறியும் கொடுக்கப் போக, இப்போது தினமும் மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பாடு. நேற்று நான் துடைப்பத்தை எடுத்ததும், "இலையக் கூட்டாதடா, கிடக்கட்டும், அதுவும் மக்கட்டும்" என்று அவனே சொன்னான். எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா மோளே! பொய் சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பங்குச் சாமியார் விகாரியச்சன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பரிகாரம் சொல்லவே மறந்துவிட்டார்.

ஆகவே நீ நிம்மதியாக இரு. எங்கள் பைகளை யாரும் தொடவில்லை, எல்லாம் நீ சொன்னபடியே நடக்கிறது என்று உன் பேராசிரியரிடம் தைரியமாகச் சொல். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் அன்பு. மாதா உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பச்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் பைலி வாளியோடு வந்தான். "எதுக்குடா வாளி?" என்றேன். "தினம் ஊத்தறதுதான். மாதா கோயில்ல மந்திரிச்ச தண்ணி. ஒவ்வொரு பைக்கும் ஒரு செம்பு, கூடக் கொஞ்சம் உப்பு, ஆட்டுப் புழுக்கை. சீக்கிரம் மக்கணும்ல? 58க்கு மட்டும் ரெண்டு செம்பு" என்றான். மோளே, நீ புதிதாகப் பைகள் அனுப்பினால் இந்த முறை கிணற்றடியில் புதைக்கிறேன். உன் பேராசிரியரிடம் என்ன சொல்வாயோ சொல்லிக்கொள். ஆனால் அது உண்மையிலேயே தேயிலைதான் என்று மட்டும் பைலிக்குத் தெரிந்துவிடக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவான்.