என் முழங்கையை விசாரிக்க வந்தவர்

என் முழங்கையை யாராவது உற்றுப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. (பார்ப்பவர் டாக்டராக இருந்தாலும் சரி.) காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு ஆலங்குடியில் பெண் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பெண்ணை அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டிலிருந்து 'வாங்க' என்று ஒரு வார்த்தை வரவேண்டியதுதான் பாக்கி.

அதே சமயம் புதுக்கோட்டையில் நாங்கள் ஆடும் ஸ்நூக்கர் கிளப்பில் போட்டி வைத்திருந்தார்கள். போன தடவை விராலிமலைக்காரன் ஒருவனிடம் மண்ணைக் கவ்வியிருந்தேன்.

"குச்சியத் தள்றப்ப ஒன் முழங்கை கோழி றெக்க மாதிரி வெளிய போகுதுடா. தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் அசையவே கூடாது. முன்கை மட்டும் ஊஞ்சலாடணும்" என்றான் நண்பன் செந்தில். (நான் தோற்பதற்காகச் சொல்கிறானோ என்று அவனையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன்.) பிறகு கண்ணாடி முன்னால் ஒட்டடைக் குச்சியோடு நின்று பழகினேன். முழங்கை அடங்கியது. இந்த ரகசியம் போட்டிவரை வெளியே போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த வெள்ளை வேட்டிக்காரர் கிளப்புக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தார். "தம்பிக்கு எங்க வேலை? தெனமும் இங்கிட்டுத்தான் வருவீங்களா?" என்று வேறு கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. விராலிமலையான் அனுப்பிய வேவுகாரர்!

என்னையா வேவு பார்க்கிறாய் என்று முழங்கையை உதறி உதறி அடித்தேன். வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதித்து அவர் காலடிக்குப் போனது. எடுத்துக் கொடுத்தார். வாங்கும்போதும் கையை ஆட்டினேன். (நடிப்பென்றால் முழுசாக நடிக்க வேண்டாமா?)

"கை இப்படி ஆடுதே தம்பி?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாங்க" என்றேன், பெருமையாக.

மறுநாள் ஆலங்குடியிலிருந்து அம்மாவுக்கு போன். "பையனுக்குப் பொறந்ததுலேர்ந்தே கை நடுக்கமாமே? மறைச்சுட்டீங்களே!" அந்த வெள்ளை வேட்டிக்காரர், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்திருந்த, பெண்ணின் தாய்மாமனாம்.

"வேவுகாரர்னு நெனச்சேம்மா."

"ஒனக்குக் கை மட்டுமாடா ஆடுது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா கெஞ்சிக் கூத்தாடியதில், நேரில் வரச் சொன்னார்கள். போனோம். பெண் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். தளும்பத் தளும்பக் காப்பி ஊற்றிய டம்ளர்களோடு தட்டைத் தாய்மாமன் என்னிடம் நீட்டினார். "மாப்பிள்ளையே எல்லாருக்கும் குடுக்கட்டுமே!"

கூடமே என் முழங்கையைப் பார்த்தது. தோளிலிருந்து முழங்கை வரை அசையக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு சொட்டுச் சிந்தாமல் தட்டை நீட்டிக்கொண்டு போனேன். கடைசியில் பெண். டம்ளரை எடுத்தவள் மெதுவாக, "அப்ப நடிச்சீங்களா, இப்ப நடிக்கிறீங்களா?" என்றாள். அவ்வளவுதான். தட்டில் மிச்சமிருந்த டம்ளர் மாமாவின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. அதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், இவரையே கட்டிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். (போட்டியா? முதல் ஆட்டத்திலேயே அவுட். உதறிப் பழகிய முழங்கை அடங்கவில்லை.)

இன்றும் மாமியார் வீட்டில் எல்லாருக்கும் முழு டம்ளர் காப்பி, எனக்கு மட்டும் அரை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் யார் ஜாடை என்று குழந்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வெள்ளை வேட்டி மாமா மட்டும் துணியை விலக்கி முழங்கையைப் பார்த்தார்.