பத்துக்கு ஒன்று கழி

ஒன்றும் தெரியாதவன் செய்கிற தவறுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் செய்கிற தவறுதான் ஊர் விட்டு ஊர் போகும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இரண்டாம் ரகம். பௌதிகத்தில் பட்டம் வாங்கியிருந்தேன் (மூன்றாம் வகுப்பு, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை).

சித்தையன்கோட்டையில் என் தாய்மாமாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. தோட்டத்துப் பாதையில் அடி தட்டுகிறது என்று அதற்குப் பெரிய டயர்களாக மாட்டினார். "டயரு மாறினா மைல் மீட்டரு பொய் சொல்லுமாம்ல. மதுரையில குடுத்துச் சரி பண்ணணும்" என்றார். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. ஓடிய மைலைப் பார்த்துத்தான் பெட்ரோல் போடுவோம்.

"மதுரை எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல" என்றேன். டயரை அளந்தேன், பத்தில் ஒரு பங்கு பெரிது. பெரிய டயர் என்றால் மீட்டர் கூடுதலாகத்தானே காட்டும்? மீட்டருக்குக் கீழே சாக்கட்டியால் எழுதினேன்: பத்துக்கு ஒன்று கழி. ரோட்டோர மைல்கல்லை வைத்துச் சரிபார்த்திருக்கலாம். அறிவாளிக்குக் கல் எதற்கு?

அதே காரில் எனக்குப் பெண் பார்க்க ஆயக்குடிக்குக் கிளம்பினோம். பெண் கணக்கு டீச்சர். புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேராவிட்டால் பெண்ணைக் காட்ட மாட்டார்கள்; மறுநாள் வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். காரை ஓட்டியவன் நான்தான்.

"ஏலே, மரமெல்லாம் இம்புட்டு வேகமா ஓடுது, முள்ளு முப்பதுலயே நிக்குது?" என்றார் மாமா.

"முப்பதுகூட இல்ல மாமா. நெசத்துல இருபத்தேழுதான்."

அவர் தோள் துண்டு அப்போதுதான் சன்னல் வழியே பறந்து போனது.

ஒட்டன்சத்திரத்தில் பெட்ரோல் பங்க் வந்தது. "செத்த நிப்பாட்டு, டாங்கில குச்சி விட்டுப் பாத்துருவோம்" என்றார் மாமா. "நல்ல நேரத்துல கெளம்பிட்டு நடுவழியில நிக்கக் கூடாது" என்று பின் சீட்டிலிருந்த அத்தை தடுத்தாள். என் விஞ்ஞானமும் அத்தையின் சாஸ்திரமும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

ஆயக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் கார் இருமிவிட்டு நின்றது. மாமா இறங்கிக் குச்சியை விட்டார். அது காய்ந்தபடியே வெளியே வந்தது. கொய்யாக் கூடை ஏற்றிப் போன மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு, ராகுகாலம் பிறக்கச் சற்று முன்னால் பெண் வீட்டு வாசலில் இறங்கினோம்.

"ஏனுங்க, கார்ல வாரதாச் சொன்னீங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் டயர் விஞ்ஞானத்தை விளக்கினேன். மீட்டர் கூடுதலாகக் காட்டியதையும், நான் பத்துக்கு ஒன்று கழித்துவந்ததையும் சொன்னேன். காப்பி கொண்டுவந்த பெண் நின்று கேட்டாள்.

"பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் கம்மியாத்தானுங்க சுத்தும்? அப்ப மீட்டரும் கம்மியாத்தானுங்க காட்டும். நீங்க கூட்டியிருக்கோணுங்க."

மாமா கூரையைப் பார்த்தார். போச்சு, இந்தப் பெண் நமக்கில்லை என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

அவள் சம்மதித்தாள். "தப்புன்னு சொன்னதும் மல்லுக்கட்டாமக் கேட்டுக்கிட்டாருங்க, அது போதும்" என்று அப்பாவிடம் சொன்னாளாம். (காப்பி கொதித்ததில் நாக்கு வெந்து பேச முடியாமல் போனது வேறு விஷயம்.)

இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று முதலில் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொன்னதும் என் மனைவி சமையல்காரரிடம், "இவரு சொல்லிட்டாருங்க, நீங்க கூட்டிக்கங்க" என்பாள். வீடே சிரிக்கும். ஆனால் இதுவரை ஒரு பந்தியிலும் சோறு பற்றாமல் போனதில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.