முயலைப் பார்த்த கண்ணாடி, பனையைப் பார்த்த துவக்கு

ஏமாறுவதற்கு வேட்டைக்காரர்களைப் போலத் துடிக்கிற கூட்டம் உலகத்தில் வேறு இல்லை. சுடுகிற துவக்கின் முதுகில் பூட்டுகிற தூரக்கண்ணாடி ஒன்றை ஒரு வேட்டைக்காரன் கையில் கொடுத்துப் பாருங்கள். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்பான். ஊதுவான், சட்டை நுனியால் துடைப்பான், பக்கத்து வளவுக் கோழியை அதற்குள்ளால் பார்த்து "ஆகா!" என்பான். பூட்டிய இடத்தில் அது அசையாமல் நிற்குமா என்று மட்டும் கேட்க மாட்டான்.

ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பெரிதாகக் காட்டுவதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்படலாம். அசையாமல் இருப்பதை யாருக்குக் காட்டுவது? "இஞ்ச பாருங்கோ, அசையாமல் இருக்குது" என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். அது இல்லாமல் போகும் அன்றைக்குத்தான் அப்படி ஒன்று தேவை என்பதே உறைக்கும். எனக்கு உறைத்தது என் கலியாணத்தின் நாலாம் நாள், என் மாமனாரின் தலைக்கு மேலே.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் புங்குடுதீவு மடத்துவெளிக்காரன், பெண் நெடுந்தீவு. கப்பலில் வேலை செய்த பெரியப்பா மகன் கலியாணப் பரிசாக அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தான். கறுப்புக் குழல், பித்தளை வளையம், உள்ளே மெல்லிய சிலுவைக் கோடு. அப்பாவின் பழைய ரைபிளில் பூட்டி, வேலியில் சிரட்டைகளைக் குத்திவைத்துச் சுட்டேன். வைத்த சிரட்டையெல்லாம் தூள்! எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் புறப்பட்டபோதும் துவக்கு என்னோடுதான் வந்தது. குறிகட்டுவான் துறை வரை பஸ்ஸில் குலுங்கி, வள்ளத்தில் அலைக்கு அலை தூக்கிப் போடப்பட்டு, நெடுந்தீவுக் கல்லுப் பாதையில் மாட்டு வண்டிலில் துள்ளித் துள்ளி. (எனக்கே எலும்பு கழன்றது. திருகாணியைப் பற்றி யார் நினைத்தது?)

கலியாண வீட்டில் மூன்று நாளும் சைவம். நாலாம் நாள், நாலாம் சடங்கு. அன்றைக்குத்தான் பெண் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சி இரண்டு பக்கத்து உறவுக்கும் விருந்து வைப்பார்கள். மாமா அதற்கென்று ஒரு கிடாய் கட்டியிருந்தார். மாமா பெரிய மனிதர்; ஊர் மதுவிலக்குச் சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. கள்ளுக் கொட்டில் இருக்கிற ஒழுங்கையால் நடக்கவே மாட்டார், அவ்வளவு சுத்தம்.

அப்படிப்பட்டவர் முன்னால், மூன்றாம் நாள் பின்னேரம், சபை நிறைந்திருக்க நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

"மாமா, கிடாயை அவிட்டு விடுங்கோ. நாளைக்குக் கறிக்கு முயல் என்ரை பொறுப்பு."

"இத்தினை பேருக்கும் முயலோ, தம்பி?"

"எத்தினை வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ!"

சொல்லிவிட்டுத் துவக்கை எடுத்து வந்தேன். எல்லோரும் முறைவைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். பெண்ணின் அண்ணன் சிவலிங்கம் மச்சான், "எட, அங்காலை நிக்கிற மட்டக்குதிரையின்ரை கண்ணிமை தெரியுது!" என்று துள்ளினார். மாமி பார்த்துவிட்டு, தூரத்து வளவில் யாரோ ஒருத்தி தன் சட்டியை வைத்திருப்பதாகச் சண்டைக்கு ஆயத்தமானா. அந்தக் கும்மாளத்தில் கிடாய் உண்மையாகவே அவிழ்த்துவிடப்பட்டது.

அப்போதுதான் குசினி வாசலில் நின்ற என் புதுப் பெண்சாதி பரமேஸ் வாயைத் திறந்தாள். தாலி கட்டிய பிறகு எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"உது நிக்குமோ?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நிண்டாலென்ன, ஓடினாலென்ன, நான் அடிப்பன். நீர் பயப்பிடாதையும்!" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். (நான் முயலை நினைத்துச் சொன்னேன். அவள் கேட்டது கண்ணாடியை என்பது மறுநாள்தான் விளங்கியது.)

விடிந்ததும் படை புறப்பட்டது. முன்னால் நான், பக்கத்தில் மச்சான், பின்னால் இரண்டு பக்கத்து உறவும். வீட்டில் மாமி கறிக்கு மசாலைக் கூட்டு அரைத்து, அடுப்பில் சட்டியையும் வைத்தாயிற்று. முயல் இல்லாமல் திரும்பினால் அந்த வீட்டில் ஆயுசு முழுக்க நான் வாய்வீச்சு மாப்பிள்ளைதான். நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தால் இல்லை, அவ்வளவு சந்தோசம்!

வெளியைத் தாண்டியதும் மச்சான் என் தோளைப் பிடித்தார். நெடுந்தீவில் வேலி என்றால் கடற்கோறைக் கல்லை அடுக்கிய மதில்தான். அப்படி ஒரு மதிலடியில் கொழுத்த முயல் ஒன்று. மதிலுக்கு அப்பால், காற்றுக்குப் பயந்து கட்டையாகவே வளர்ந்த ஒரு பனை. ஓலை விரிகிற அதன் தலைவட்டில் கள்ளு முட்டி தொங்கியது. நான் குந்தினேன், கண்ணாடிக்குள் பார்த்தேன். முயலின் மீசை மயிரை எண்ணலாம்! சிலுவைக் கோடு சரியாக அதன் நெஞ்சில். மூச்சைப் பிடித்தேன். அழுத்தினேன்.

படார்!

முயல் அப்படியே இருந்தது. மேலே முட்டி சிதறியது. மதிலுக்குப் பின்னாலிருந்து, "ஐயோ, அம்மா!" என்று ஒரு குரல்.

"எட, முயல் கதைக்குது!" என்றார் மச்சான்.

ஆளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். நாலாம் சடங்கும் போச்சு, வாழ்க்கையும் போச்சு. துவக்கைப் போட்டுவிட்டு, நாகபூஷணி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். நான் மதிலடிக்குப் போகும்முன்னே அதற்கு மேலாக ஒரு தலை எழும்பியது. தலையில் நுரை, மீசையில் நுரை, தோளில் முட்டி ஓடு. மாமா! ஒரு கீறல்கூட இல்லை. கையில், பனையோலையில் மடித்த பிளா ஒன்று அரைவாசி நிறைந்தபடி இருந்தது.

உறவு முழுக்க வந்து சேர்ந்துவிட்டது. மாமா பிளாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"கருப்பணி," என்றார். "கருப்பணி குடிக்க வந்தனான்."

(சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்குகிற இனிப்புக் கருப்பணியை மதுவிலக்குக்காரரும் குடிக்கலாம். ஆனால் அது நுரைக்காது. அப்படி மணக்கவும் மாட்டாது.)

முயல் அதுவரை இருந்து முழுவதையும் பார்த்துவிட்டு, காதைத் தடவிக்கொண்டு, ஆறுதலாக நடந்து போனது.

வீட்டு வாசலில் மாமி மூக்கைச் சுளித்தா. "இதென்னப்பா மணம்?"

"மாப்பிள்ளை சுட்டது," என்றார் மாமா.

பரமேஸ், மச்சான் தூக்கிவந்த துவக்கை வாங்கி, சுண்டுவிரலால் கண்ணாடியைத் தட்டினாள். அது தலையாட்டியது. முன் திருகாணி எப்போதோ கழன்று கண்ணாடியின் மூக்குக் கீழே தொங்கியிருந்தது. கண்ணாடி முயலைப் பார்க்க, துவக்கு பனை வட்டைப் பார்த்திருக்கிறது.

"நான் நேற்றே கேட்டனான்," என்றாள். "சீதனத்துக்கெண்டு வள்ளத்தாலை இறக்கின என்ரை தையல் மெசினிலையே ஒரு திருகாணி மிஞ்சேல்லை."

கிடாயைத் தேடி ஆள் அனுப்பினோம். அது வெளியில் காட்டுத்தனமாகத் திரிகிற மட்டக்குதிரைகளோடு சேர்ந்துவிட்டது, பிடிக்க ஏலாது என்று தகவல் வந்தது. முயலுக்கு அரைத்த கூட்டில் கருவாடு போட்டுத்தான் என் நாலாம் சடங்கு நடந்தது. மாமா அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைமையை விட்டார். பிறகு சாகும்வரை பின்னேரங்களில் வீட்டிலேயே கதிரை போட்டு இருந்து ஒரு பிளா குடித்தார். "மருமோன் தந்த சுதந்திரம்" என்பார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் அந்தக் கேள்விதான். சைக்கிளா, நிக்குமோ? றேடியோவா, நிக்குமோ? மகளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைப் பற்றியும் மச்சான் அதைத்தான் கேட்டார். மகளின் நாலாம் சடங்கிலும் இந்தக் கதை எடுக்கப்பட்டு, எல்லோரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். புது மருமகன் பரமேஸிடம் கேட்டான்:

"மாமி, வள்ளத்திலை கண்ணாடி கழண்டிருக்கும் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பரமேஸ் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஆர் சொன்னது நான் கண்ணாடியைக் கேட்டனான் எண்டு? அதைப் பிடிச்சுக்கொண்டு துள்ளின ஆளையெல்லோ கேட்டனான்."

நான் இன்னும் நிற்கிறேன். திருகாணியை அவள்தான் அடிக்கடி இறுக்கிவிடுகிறாள்.