பதினைந்து வாளி ஊறுகாயும் ஒரு மீசையும்

ரெம்பாவ் தோட்டம்,
திருவிழாவுக்கு மறுநாள்.

கோலாலம்பூரில் கணினிக்கே புத்தி சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் என் அக்காள் மகள், செல்வ மருமகள் லோகேஸ்வரிக்கு, மாமன் நல்லசாமி முறுக்கிய மீசையோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை ராக்கம்மாவும் கோழிகளும் ஊறுகாயும் நலம். உன் நலமறிய ஆவல். அதைவிட, உன்னை எதிரே உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க ஆவல்.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குச் சாமான் வாங்க நீ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாய். போனில் என்ன சொன்னாய்? “மாமா, பொருளோட வகையெல்லாம் புரோகிராம் கட்டும்போதே உள்ள வச்சுப் பூட்டிட்டேன். அரிசி, பருப்புன்னா சாக்கு, காய்கறின்னா கூடை, ஊறுகாய்னா வாளி, உப்புன்னா பாக்கெட். அது மாறவே மாறாது. எத்தனைங்கிறதுதான் அன்னிக்கித் தெரியும். அந்த அஞ்சு நம்பரையும் அரிசியில ஆரம்பிச்சு இதே வரிசையில போடுங்க. அது ஒவ்வொரு வகையா நடந்துபோயி, ஒவ்வொரு நம்பரா எடுத்துக் கோத்து, கடைக்கு அனுப்பிடும்.” இதை நான் கோயில் கமிட்டியில் விளக்கிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். “வகைகள் மணவறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். நம்பர்கள் அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கும் மாப்பிள்ளைகள். இறங்குகிற வரிசையிலேயே தாலி கட்டிவிட வேண்டியதுதான்!” கைதட்டலில் ரப்பர் மரத்துக் கொட்டைகளெல்லாம் உதிர்ந்தன. மைக் பிடிக்கும் தங்கராஜு மட்டும், “மாப்பிள்ளைங்க வரிசை மாறி எறங்கிட்டா?” என்றான். “மாறுனா இந்த மீசைய கோயில் வாசல்லயே எடுக்கிறேன் லா!” என்று சொல்லிவிட்டேன். நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே பெரிய மீசை, நான் ரோட்டில் திரும்பினால் லாரிகள் ஒதுங்கி வழிவிடும் மீசை, உன்னை நம்பிப் பணயத்தில் போனது.

ஆனால் போனைக் கையில் எடுத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அரிசியில் ஆரம்பிப்பதாம்! இலையில் முதலில் சோற்றைக் கொட்டுகிறவன் மனுசனா? ஓரத்தில் உப்பு, அப்புறம் ஊறுகாய், காய்கறி, அதற்குப் பிறகுதான் சோறு, பருப்பு. பட்டணத்துக்குப் போனதும் பிள்ளை பந்தி முறையையே மறந்துவிட்டதே என்று நானே திருத்தி, உப்புக்கு ரெண்டு, ஊறுகாய்க்கு மூணு, காய்கறிக்கு எட்டு, அரிசிக்குப் பதினஞ்சு, பருப்புக்கு நாலு என்று இலை வரிசையில் தட்டிவிட்டேன். உன் புரோகிராம் என்ன செய்தது? வகை அஞ்சு, நம்பர் அஞ்சு, கணக்குச் சரி என்று பச்சை விளக்கைக் காட்டியது. மாமா சோற்றுக்கு வழியில்லாமல் நிற்கப்போகிறாரே என்று ஒரு சின்ன இருமல்கூட இருமவில்லை!

திருவிழா அன்று காலையில் லோபாக் கடைத்தெருவிலிருந்து லாரி வந்தது. கடைக்காரர் தேவன் தாமே இறங்கிப் பெருமையாகக் கதவைத் திறந்தார். அரிசி ரெண்டு சாக்கு. அதற்குப் பின்னால் மாங்காய் ஊறுகாய், வாளி வாளியாக, பதினைந்து வாளி! இந்தப் பக்கம் பார்த்தால் சாப்பாட்டு வரிசையின் வால் சிங்கப்பூரில் நிற்கிறது.

“ஏன்யா தேவா, ஊருக்கே ரெண்டு சாக்கு அரிசியான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

“கோயில் ஆர்டர் லா அண்ணே. ஆத்தாவுக்கு ஏதோ ஊறுகா வேண்டுதல்னு நெனச்சேன்.”

இதற்காகவே பிறந்தவன்போல தங்கராஜு மைக்கைப் பிடித்தான். “பக்த கோடிகளே! இன்று மதியம் ஊறுகாய் விருந்து. சோறு மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரவும். விருந்து முடிந்ததும் நல்லசாமி அண்ணனின் மீசை இறக்கும் வைபவம்!”

அவன் என்னைக் கிண்டல்தான் செய்தான். ஆனால் கோயில் மைக்கில் வந்ததைச் சனம் கிண்டல் என்றா நினைக்கும்? வரிசை அப்படியே கலைந்து வீட்டுக்கு ஓடியது. அரை மணியில் பானையும் ரைஸ் குக்கருமாகத் திரும்பி வந்தது. ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் சியாம் பச்சரிசி, பக்கத்து மலாய்க்காரர் கம்போங்கிலிருந்து மாக் சிக் சீத்தி அம்மாள் அனுப்பிய தேங்காய்ப்பால் சோறு, மைக்கல்ராஜ் வீட்டு நெய்ச்சோறு. ஓர் இலையில் ஏழு நிறச் சோறு, நடுவில் தீயாகச் சிவந்த ஊறுகாய்! அவன் வீட்டுச் சோறு இவன் இலையில், இவன் வீட்டுச் சோறு அவன் இலையில். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் இருவர் “இது யார் வீட்டுச் சோறு லா?” என்று கேட்டே ராசியாகிவிட்டார்கள். தேவலோகத்துப் பந்தியே எழுந்து வந்து நம்மிடம் பார்சல் கேட்டிருக்கும்.

கடைசியில் தங்கராஜு சவரக்கத்தியோடு வந்தான். உன் அத்தை குறுக்கே நின்றாள். “சோறு வந்துச்சா? வந்துச்சு. அப்புறம் மீசைக்கு என்ன கேடு? மொதல்ல ஓம் மூஞ்சியக் கழுவிட்டு வா. மூணு பந்தி உக்காந்து மூக்கு வரைக்கும் ஊறுகா!” அவன் கத்தியை மடித்துக்கொண்டு நாலாவது பந்திக்குப் போனான்.

இப்படி மயிரிழையில் மீசை தப்பியது. ஆகவே மருமகளே, இக்கடிதம் கண்டவுடன் அந்தப் புரோகிராமைப் பிரித்து, உப்பில் தொடங்கி இலை வரிசைப்படி மாற்றிக் கட்டு. முடியாது என்றால் வேலையை விட்டுவிட்டு வந்து ஆடு வளர்.

ஆத்தா புண்ணியத்தில் நீ எழுதுவதெல்லாம் முதல் தடவையிலேயே ஓடட்டும். உனக்கென்று வரும் மாப்பிள்ளை வரிசை மாறாமல் பஸ்ஸிலிருந்து இறங்கட்டும்.

அன்புள்ள மாமன்,
நல்லசாமி

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் தெமியாங் கோயில்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அடுத்த மாதம் இதே விருந்து வேண்டுமாம், அரிசி தவறாமல் குறைய வேண்டுமாம். ஆகவே புரோகிராமில் ஓர் எழுத்தைத் தொடாதே! நானும் உப்பிலிருந்தே தட்டுகிறேன். “இந்தத் தடவ சரியாத்தான் வரும், பாருங்க” என்று தங்கராஜு சிரித்தான். பதினஞ்சு சாக்கு அரிசி ஒழுங்காக வந்து இறங்கினால் மீசையை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமன் மானம் உன் கையில்.