மூச்சு விடும் உறையும் அண்ணியின் கல்யாணப் புடவையும்

ஆராய்ச்சி மாணவனிடம் எதையும் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பத்திரப்படுத்துவதையே அவன் ஆராய்ச்சியாக்கிவிடுவான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் கல்யாணத்தில் நான் செய்த காரியமே சாட்சி.

அப்போது நான் பாலியூரித்தேன் படலங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். (முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருஷம். பட்டம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.) அந்தப் பாலிமர் சங்கிலியில் கெட்டித் துண்டும் மென்மையான துண்டும் மாறி மாறி வரும். கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை கெட்டி, பாகு இளக்கம். கெட்டித் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படலத்துக்கு வலுவைத் தரும். மென்துண்டுகளின் வழியாக நீராவி நுழைந்து போகும், தண்ணீர் சொட்டாது. மென்துண்டைக் கூட்டினால் படலம் நன்றாக மூச்சு விடும். ஆனால் ஈரத்தைக் குடித்து, ஊதி, பிசுபிசுக்கும். "கெட்டிய கொஞ்சம் ஏத்துப்பா" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் தலையால் அடித்துக்கொண்டார். மூச்சு அளவு எகிறுவதைப் பார்த்து மயங்கிப்போயிருந்த நான் ஏற்றவில்லை.

எங்கள் வீடு சங்கராபுரம். அண்ணன் அந்தோணிக்குப் பார்த்த பெண் ஸ்டெல்லா, கல்வராயன் மலையில் கரியாலூர்க்காரர், நர்ஸ். நகை, சீர் எதைப் பற்றியும் வாய் திறக்காத அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பொடவைய மட்டும் நானே பாத்து எடுத்துக்கறேங்க." கள்ளக்குறிச்சியில் ஒரு பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, சந்தன நிறத்தில் சன்னச் சரிகை போட்ட பட்டு எடுத்தார்.

கல்யாணம் கரியாலூர்ப் பக்கத்து மாதா கோயிலில். முந்தின நாளே எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். ஃபால்ஸ் தைக்கக் கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு பைக்கில் வருவது என் பொறுப்பு.

"மலைல மழ பேஞ்சிக்கினு இருக்குதாம். நனையாம கொண்டாந்துடு. உனுக்கு வேற வேலையே இல்ல" என்றார் அம்மா போனில்.

தையல்காரர் தடித்த பிளாஸ்டிக் பையில்தான் போட்டுக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. பிளாஸ்டிக்குக்குள் பட்டுக்கு வேர்க்காதா? பெருமையடிக்க ஊருக்கு எடுத்து வந்திருந்த என் படலங்கள், செய்தித்தாள் பக்கம் அளவில் இரண்டு, கைவசம் இருந்தன. புடவைக்கு மேலொன்று கீழொன்று வைத்து ஓரத்தை ஒட்டினேன். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக் கட்டி, மேலே மழைக்கோட்டு மாட்டினேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை பிடித்தது. கோட்டுக்குள் எனக்கு ஆறாக வேர்த்தது. மூச்சு விடும் படலம் வெளியே மட்டும் விடாது, உள்ளேயும் இழுக்கும் என்று நான்தான் முந்தின வருஷம் ஒரு கருத்தரங்கில் முழங்கியிருந்தேன். மலை ஏறும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பெண் வீட்டில் போய் நின்று, முதலில் படலத்தின் பெருமையைச் சொன்னேன். அப்புறம்தான் பொட்டலத்தைக் கொடுத்தேன். அம்மா ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். படலம் சூயிங்கம் மாதிரி ஒரு முழம் நீண்டதே தவிர புடவையை விடவில்லை. (இந்த நீட்சிக்காகவும் நான் பெருமைப்பட்டதுண்டு.)

"சரிகையும் சேந்து வருதுடா பாவி" என்றார் அம்மா.

அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார். "நீ இன்னாதான்டா படிக்கற?" கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

ஸ்டெல்லா அண்ணி வந்து புடவையைப் பார்த்தார். படலத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"தம்பி, இது காஞ்சா வுட்ருமா?"

"வுடாதுங்க அண்ணி."

"கழுவினா போவுமா?"

"போவாதுங்க."

"அப்ப இதுக்கு இன்னாதான் தெரியும்?"

"மூச்சு வுடும்ங்க."

அம்மா ஈரத்துணியை வைத்து ஒற்றி ஒற்றி, முந்தானைப் பக்கத்தில் பாதிக்குமேல் உரித்துவிட்டார். பொறுமையாகச் செய்தால் மீதியும் வந்திருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் பக்கத்து வீட்டுக்குப் போன நேரத்தில் என் படிப்பு விழித்துக்கொண்டது. "லேசா சூடு காட்டினா சுருங்கி வந்துடும் அண்ணி" என்றேன்.

"நெசமாவா? உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ங்க."

அவரே இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வைத்தேன். படலம் உருகி நூலுக்கு நூல் இறங்கி உட்கார்ந்தது. கை அகலத்துக்குப் புடவை வேறு, படலம் வேறு என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மா எண்ணெயோடு திரும்பியபோது அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீதி வர்லங்க அத்த. வரும்போதே நல்லா ஒட்டிப் போயிருக்குது" என்றார்.

மறுநாள் அதே புடவையைத்தான் கட்டினார். வேறு புடவை கொடுத்துப் பார்த்தார்கள். மறுத்துவிட்டார். தலையில் போடும் நெட் மறைத்துவிடும் என்றார்கள். நெட் என்றாலே ஓட்டைதானே. கோயிலில் மணப்பெண் பீடத்தைப் பார்த்து நிற்பார், ஊர் முழுக்க அவர் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பூசை முடியும்வரை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முந்தானையில் டியூப் லைட் வெளிச்சத்துக்குப் பளபளத்த என் நாலு வருஷ உழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண ஆல்பத்தில், பூசை முடிந்து எடுத்த எல்லாப் படத்திலும் அண்ணி சுவரோடு சாய்ந்து நிற்கிறார். பார்க்கிற விருந்தாளி யாராவது ஏன் என்று கேட்பார். "எங்க கொழுந்தனாரு டாக்டராவுறதுக்குப் பட்ட பாடு. உக்காருங்க, சொல்றேன்" என்று அண்ணி ஆரம்பிப்பார். நான் பால் வாங்கக் கிளம்பிவிடுவேன். பாலே வேண்டாத நாளிலும் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் கடை மூடியிருந்ததால் பாதியில் திரும்பி, வாசலில் நின்று முழுக் கதையையும் முதல்முறையாகக் கேட்டேன். மழை வந்தது, மழைக்கோட்டு வந்தது. "மூச்சு வுடும்ங்க" என்று என் குரலிலேயே சொல்லிக்காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணனும்தான். அதன் பிறகு அண்ணி கதையை நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். அண்ணி சொல்லும் கதையில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது.