முதல் திங்கட்கிழமைக்குள் மீன்களை அகற்றக் கோரி மாப்பிள்ளைக்கு

மதிப்பும் மரியாதையும் என்றும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் போன இடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன், ஆனால் நம்ப வேண்டாம்.

முதலில் முக்கியமான விஷயம். நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியாகியிருக்கிறது. கிளை மேலாளர் என்னிடம் தொழில் பழகியவர் என்பதால் அதை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். அடுத்த மாத முதல் திங்கட்கிழமை காலை நீங்கள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைநிறையச் சம்பளம் வந்த வேலையை உதறிவிட்டு, "மாமா, மீன் வளர்த்து விக்கப்போறேன்" என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை. என் மகள் வாழ்க்கை நம் முன்னறையில் நீங்கள் வைத்த மீன் தொட்டித் தண்ணீரை நம்பியல்லவா இருக்கிறது! ஆகையால் மீன் கண்காட்சியைப் பார்த்தது போதும். உடனே புறப்பட்டு வந்து, தொட்டிகளை யார் தலையிலாவது கட்டிவிட்டு, வேலையில் சேரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டில் ஃபோன் பேச இப்போது தடை. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் மாமா, வேளைக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டுட்டு சும்மா பார்த்துக்கிட்டிருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பார்த்துக்கொண்டிருந்ததுதான் வினையாகிப் போயிற்று. நான் அடுத்தவன் நஷ்டத்தை மதிப்பிட்டே பிழைத்தவன். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த சர்க்கரை மூட்டை, எதைக் காட்டினாலும் இது நிஜம், இது நடிப்பு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் கண் முன்னாலேயே நடந்தது இது. உங்கள் நீல ஆண் மீன் இருக்கிறதே, உங்கள் அத்தை அதற்கு ரவுடி என்று பெயர் வைத்திருக்கிறாள், அது ஒருநாள் காலையில் மஞ்சள் பெண் மீன் முன்னால் போய் நின்று உடம்பை உதறோ உதறென்று உதறியது. அப்புறம் தட்டைக் கல்லின் மேல் இரண்டும் வட்டம் போட ஆரம்பித்தன. சண்டை முற்றுகிறது என்று நான் கரண்டிக் காம்பை விட்டு விலக்கப் பார்த்தேன். "சும்மா இருங்க, புருஷன் பொண்டாட்டிக்குள்ள நீங்க எதுக்கு?" என்று அத்தை என் கையைத் தட்டிவிட்டாள். விட்டிருந்தால் பிரித்திருப்பேன், இத்தனை கஷ்டமும் வந்திருக்காது. மஞ்சள் கல்லின் மேல் முட்டை போட்டது. போட்ட சூட்டோடு சூடாகத் திரும்பி, ஒவ்வொன்றாக வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டது. நானும் பார்த்தேன், அத்தையும் பார்த்தாள்.

"அடிப்பாவி! பெத்ததையே திங்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அத்தை கேட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் தங்கையை எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து அந்த மீனைக் கேட்டாள். மீன் வாயே திறக்கவில்லை. என் தங்கையாக இருந்தால் நடப்பதே வேறு.

மறுநாளிலிருந்து மஞ்சள் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. தீனி போட்டால் மற்றதெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வரும், இது மட்டும் கல்லுக்குப் பின்னால் போய் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்கும். அத்தைக்குக் கை கால் ஓடவில்லை. "நான் திட்டினதுல ரோஷம் வந்துடுச்சுங்க" என்றாள். மாப்பிள்ளை, என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த மீனிடம் கேட்டாள். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே, ஒரு வாய் சாப்பிடு" என்று காலையும் மாலையும் கெஞ்சல். அவித்த முட்டையின் கருவை உதிர்த்துப் போடலாமே என்று நான் யோசனை சொன்னேன். "முட்டையைப் போய்ப் போடுறதா? குத்திக் காட்டுற மாதிரி இருக்காது?" என்று என்மேல் பாய்ந்தாள். மீன் சாப்பிடவில்லை என்று அவள் சாப்பிடவில்லை, அவள் சாப்பிடவில்லை என்பதால் அடுப்பு எரியவில்லை, நான் கடை ரொட்டியைக் கையில் எடுத்தால், "வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குது, உங்களுக்கு எப்படித் தொண்டையில இறங்குது?" என்று கேட்கிறாள். இந்த வீட்டில் வாயில்லா ஜீவன் நான் ஒருவன்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பட்டினி கிடந்தால் கன்னம் ஒட்ட வேண்டும், இதற்குத் தாடை உப்பிக்கொண்டே போகிறது. இந்த மாதிரி ஆசாமிகளை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன், திருட்டுத்தனமாகத் தின்கிறது என்று முடிவு கட்டி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையும் களவுமாகப் பிடிபடவில்லை. கடைசியில் நீங்கள் மீன் வாங்கும் கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "சார், அது முட்டையைத் திங்கல, வாயில வெச்சு அடைகாக்குது. குஞ்சு நல்லா நீந்துற வரைக்கும் அது சாப்பிடாது. அந்த ஆணை விட்டுத் தனியா பிரிச்சு வைங்க. ஆனா மிரட்டிடாதீங்க. மிரண்டா துப்பிடும், இல்லைன்னா முழுங்கிடும்."

வாயில் அடையாவது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூச்சு விட அது லேசாக வாயைத் திறந்தது. உள்ளே இருட்டில் ஜோடி ஜோடியாகக் கண்கள் என்னையே பார்த்தன. நான் போட்ட சத்தத்தில் டார்ச் தொட்டிக்குள் விழுந்தது, பின்னால் நகர்ந்ததில் வயரில் கால் மாட்டி மோட்டார் பிளக் தீப்பொறியோடு வெளியே வந்தது, வீடு முழுக்கக் கரண்டு போயிற்று. காற்றுக் குமிழி நின்றால் மீன் செத்துவிடும் என்று அத்தை அழுகிறாள். எலெக்ட்ரீஷியன் வரும் வரை நான் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே நின்றேன். என் வலது தோள் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்புறம் மஞ்சளைப் பிரிக்க வேண்டுமே! பேரப்பிள்ளை வந்தால் குளிப்பாட்ட என்று அத்தை யாருக்கும் சொல்லாமல் வாங்கி ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டி வெளியே வந்தது. அது இப்போது சாப்பாட்டு மேஜை மேல் இருக்கிறது. உண்மை தெரிந்தபின்னாவது அத்தை சாப்பிடுவாள் என்று பார்த்தேன். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பிள்ளை வளர்க்கிறவளைப் போய் என்ன கேள்வி கேட்டுட்டேன்!" என்று அழுகை இரண்டு மடங்காயிற்று.

மஞ்சள் மிரண்டுவிடும் என்று அன்றிலிருந்து மிக்ஸி ஓடக் கூடாது, டிவி ஊமை, ஃபோன் தலையணைக்கு அடியில். தும்மல் வந்தால் நான் தெருவுக்கு ஓட வேண்டும். நேற்று செருப்பு போட நேரமில்லாமல் வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்று தும்மினேன், எதிர்வீட்டு டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்கறையாக விசாரித்தார். என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. சொந்த வீட்டில் தும்ம வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும், மகள் கவலையில்லாமல் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவன் இதற்குமேல் என்ன கேட்டுவிடப்போகிறேன்? தயவுசெய்து வந்து சேருங்கள்.

தாங்களும் என் மகளும் நீண்ட ஆயுளும், குன்றாத ஆரோக்கியமும், மாதம் பிறந்தால் தவறாத சம்பளமும் பெற்று வாழ அத்தையும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அத்தை சைகையில் ஆசீர்வதித்தாள்.

இப்படிக்கு,
பசியோடு,
மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை உறையில் போடப்போகும் நேரத்தில் உங்கள் வேலை விஷயத்தை உறுதி செய்யக் கிளை மேலாளரே வீட்டுக்கு வந்துவிட்டார். மஞ்சள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்து குஞ்சுகளை வெளியே விட்டிருந்தது. அரிசி நீளம்கூட இல்லை, ஆனால் கண், வால், செதில் எல்லாம் சரியாக இருந்தது. நானும் அத்தையும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலாளர் எட்டிப் பார்த்து, "என்ன சார், டைனிங் டேபிள்ல குளியலா?" என்று சிரித்தார். தங்கமான மனிதர், ஆனால் அவர் சிரித்தால் மேஜை ஆடும். மஞ்சள் வாயைத் திறந்தது, அத்தனை குஞ்சும் ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டன. ஒன்று மட்டும் வழி தெரியாமல் ஓரமாக அலைந்தது. இத்தனை நாள் பட்டினியில் ஒட்டிப்போன வயிற்றோடு, வாய் நிறையப் பிள்ளைகளோடு, அது தேடிக்கொண்டு போய் அந்த ஒன்றுக்கும் இடம் கொடுத்தது. நான் எழுந்து மேஜைக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டேன் மாப்பிள்ளை. அதற்குள் அவர் மறுபடி சிரிக்க வாயெடுத்தார். "சார், கொஞ்சம் வெளிய போங்க" என்றேன். "வேலையைப் பத்திப் பேச வந்தா வெளிய போகச் சொல்றீங்க, இப்படியே போனா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். "தாராளமா போடுங்க, கதவை மட்டும் மெதுவா சாத்துங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சாத்தினார். அந்த நாற்காலி இனி நமக்கு இல்லை. எனவே நீங்கள் இப்போது புறப்பட வேண்டாம். அத்தை வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறாள், பெற்ற மகளே வந்தாலும் உள்ளே விடமாட்டாள். குஞ்சுகள் தைரியமாக வெளியே நீந்த ஆரம்பித்ததும் நானே எழுதுகிறேன், அப்போது வாருங்கள். அதற்குள் அங்கே யாராவது வேலை தருகிறேன் என்று கூப்பிட்டால் அவசரப்பட்டுச் சேர்ந்து தொலைக்காதீர்கள். இத்தனை பிள்ளைகளை நான் ஒருவனாக வளர்க்க முடியாது.